நகர மட்குர விற்பனை (இந்தியா)

நகரங்களின் மட்கும் குப்பையில் தயாராகும் உரத்தை உழவருக்கும் தோட்டக்காரருக்கும் விற்பது. 2016-இல் மத்திய அரசு இதற்கு டன்னுக்கு ரூ. 1,500 சந்தை வளர்ச்சி உதவி அறிவித்தது. ஆனாலும் விற்பனை எளிதல்ல. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. மட்குரத்தில் பெரும்பாலும் 1 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஆகவே ஏக்கருக்கு டன் கணக்கில் வேண்டும். லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக் துணுக்கும் கலந்த மூட்டையை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வருவாரா? உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985 ஈரப்பதத்துக்கும் கன உலோகங்களுக்கும் வரம்பு விதிக்கிறது. குப்பையைத் தொடக்கத்திலேயே பிரிக்காவிட்டால் அந்த வரம்புக்குள் நிற்பது கடினம். மறுபுறம், இயற்கை வேளாண்மையும் மாடித்தோட்டமும் தேவையைக் கூட்டுகின்றன. கிலோப் பைகளில் விற்கும் மாடித்தோட்டச் சந்தையில் விலை அதிகம்; ஆனால் ஒரு நகரத்தின் குப்பை முழுவதையும் ஏற்க வயல்களால்தான் முடியும்.