டெனிஸ்: பிந்தி வந்த சட்டம்

இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் வளர்ப்புப் பிள்ளையாக ஒப்படைக்கப்பட்டிருந்த 12 வயது டெனிஸ் ஓ'நீல், 1945 ஜனவரி 9ஆம் திகதி அடியும் பட்டினியும் பட்டு இறந்து போனான்.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. டிசம்பர் 20ஆம் திகதி அவனைப் போய்ப் பார்த்த உத்தியோகத்தர், உடனே அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று அறிவித்திருந்தார். எடுக்கவில்லை. அனுப்பியது வேல்ஸின் நியூபோர்ட் சபை. பண்ணை இருந்ததோ வேறொரு சபையின் எல்லையில்.

பிறகு விசாரணை நடந்தது. 1946இல் கேர்டிஸ் குழு அறிக்கை, 1948இல் சிறுவர் சட்டம். உள்ளூராட்சி சபைகளுக்குச் சிறுவர் உத்தியோகத்தர்களும் வந்தார்கள். டெனிஸ்தான் இல்லை.

ஒரு பிள்ளையை ஒரு வீட்டில் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்று நாமும் நினைக்கிறோம். நம் வகுப்பில், அயலில் அப்படியொரு பிள்ளை இருந்தால், சாப்பிட்டதா என்று இன்றே கேட்போம்.