வெடியோசையும் செவிப்புலனும்: ஒரு தாமதத்தின் வரலாறு

போர்க்கருவிகளின் வரலாறு பலராலும் விரிவாக எழுதப்பட்டுள்ளது. வெண்கலப் பீரங்கி எஃகுப் பீரங்கியான கதையும், ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி நிமிடத்துக்கு அறுநூறு குண்டுகளைக் கக்கும் பொறியான கதையும் அவ்வரலாற்றில் உண்டு. ஆனால் அக்கருவிகளை இயக்கியோரின் காதுகளுக்கு நேர்ந்தது யாது என்ற வினா அந்நூல்களின் அடிக்குறிப்புகளிலேனும் இடம்பெறுவது அரிது. வெடியோசை செவியைக் கெடுக்கும் என்பது அதனருகே நின்றோர் எவருக்கும் புதிய செய்தியன்று. அறிவு அத்துணைப் பழைமையானதாயிருக்கக் காப்பு மட்டும் ஏன் இத்துணைப் பிந்தி வந்தது என்பதே நாம் இங்கு ஆராய முனைவது.

1782ஆம் ஆண்டு ஏப்ரலில் மேற்கிந்தியக் கடலில் பிரெஞ்சுக் கடற்படையோடு பொருத ஆங்கிலத் தளபதி ரொட்னி, தமது கப்பலான ‘போர்மிடபிள்’ எண்பது தடவை பக்கவாட்டுப் பீரங்கிகளை ஒருசேர வெடித்தமையால் பதினான்கு நாட்கள் ஏறத்தாழ முற்றாகக் காது கேளாதிருந்தார் என்பது மருத்துவ நூல்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் செய்தியாகும். தளபதி மேற்தளத்தில் நின்றவர். கூரை தாழ்ந்த கீழ்த்தளங்களில், பீரங்கிகளின் அருகிலேயே நின்று மருந்து கெட்டித்துத் தீயிட்ட நூற்றுக்கணக்கான மாலுமிகளின் செவிகள் என்னவாயின என்பதற்கு அத்தகைய குறிப்பு எதுவும் நம்மிடம் வந்து சேரவில்லை. அக்காலப் பீரங்கி மாலுமிகள் தலையைச் சுற்றிக் காதை மூடித் துணி கட்டிக்கொள்வது வழக்கம் என்பதை மட்டும் அறிகிறோம். வெடியோசைக்கு எதிரான காப்புகளுள் நாமறிந்த பழைய ஒன்று இவ்வாறு உழைத்தோர் தாமே தமக்குச் செய்துகொண்டதாக இருப்பது மனங்கொள்ளத்தக்கது.

ஓசையால் விளையும் செவிட்டுத்தன்மையைப் பற்றிய முறையான அறிவு போர்க்களத்திலிருந்து வரவில்லை, பட்டறையிலிருந்தே வந்தது. இத்தாலிய மருத்துவரான ரமசினி 1700இல் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில், வெனிஸ் நகரில் நாள் முழுதும் செம்பைத் தட்டும் கன்னார் காது மந்தமாகி, முதுமையில் முழுச் செவிடராவதைக் குறிப்பிட்டார். 1886இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் தோமஸ் பார் நூறு கொதிகலன் தொழிலாளரைச் சோதித்தார். கொதிகலனின் வெளியே ஒருவர் தறையாணியை அடிக்க, உள்ளே அடைபட்டு நின்று அதனைத் தாங்கிப் பிடிப்பவர் மற்றொருவர். பார் கையாண்ட கருவி ஒரு சட்டைப்பைக் கடிகாரம். அதன் டிக் ஒலி எவ்வளவு தூரத்திற்குக் கேட்கிறது என்பதே சோதனை. பொதுக் கூட்டமொன்றில் பேச்சைக் கேட்டுத் தெளிவது கடினம் என்றோர் கொதிகலன் தொழிலாளரிடையே நூற்றுக்கு 75 பேர். கடிதம் விநியோகிப்போரிடையே நூற்றுக்கு 8 பேர் மட்டுமே. தொழிற்சங்கம் வளர்ந்துகொண்டிருந்த ஒரு காலத்தில் பொதுக்கூட்டத்தைக் கேட்க இயலாமை வெறும் உடற்குறை மட்டுமன்று என நாம் ஊகிக்கலாம். 1890இல் ஹாபர்மன் என்பார் இத்தொழில் செய்து இறந்த ஒருவரின் உட்செவியை ஆராய்ந்து, ஓசையை உணரும் நுண்ணுறுப்பு அழிந்துபோயிருந்ததைக் கண்டார். எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் காரணமும் கேடும் கேடுற்ற இடமும் தெரிந்துவிட்டன.

இவ்விடத்தில் அக்கேடு நிகழும் விதத்தைச் சற்று நோக்குதல் வேண்டும். நத்தையோட்டைப் போல் சுருண்ட உட்செவியில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. இவை ஒருமுறை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. ஓசையின் அமுக்கத்தை அளக்கும் டெசிபெல் அளவுகோல் மடக்கை முறையிலமைந்தது. 20 டெசிபெல் கூடினால் அமுக்கம் பத்து மடங்காகும். காப்பில்லாத செவிக்கு 140 டெசிபெல் உச்ச அமுக்கமே எல்லை எனப் பல நாடுகளின் விதிகள் கொள்கின்றன. சிறு வேட்டைத் துப்பாக்கியே இவ்வெல்லையை அண்மித்துவிடும். இராணுவத் துப்பாக்கிகள் பலவும் 150க்கு மேற்பட்டவை. பேரோசைக்கு எதிராக இடைச்செவித் தசைகள் தாமாகவே சுருங்குமாயினும், அவை சுருங்குவதற்குள் சில ஆயிரத்தொரு செக்கன்களில் வெடி முடிந்துவிடுகின்றது. பட்டறைத் தொழிலாளியின் செவியை ஆண்டுகள் அரிக்கின்றன. சுடுபவனின் செவியை ஒரே வெடியும் கெடுத்துவிடலாம். முதலில் மறைவது 4,000 ஹேர்ட்ஸை ஒட்டிய உயர் மீடிறன்களாதலால், பேசுவோரின் குரல் கேட்கும், சொல் விளங்காது. அத்தகையவரை வீட்டார் கவனமற்றவர் எனக் கடிந்துகொள்வதும் உண்டு. வலக்கைப் பழக்கமுள்ளவர் நீள் துப்பாக்கியைத் தோளிற் சார்த்திச் சுடுகையில் இடக்காது குழல்வாயை நோக்கியிருக்க, வலக்காது தலையின் மறைவிலிருக்கும். ஆகவே இடச்செவியே பெரும்பாலும் மிகுதியாகக் கெடும்.

மக்சிம் குடும்பத்தின் வரலாறு இப்பொருளுக்கு நேரடித் தொடர்புடையது. ஹைரம் ஸ்டீவன்ஸ் மக்சிம் 1880களில் லண்டன் ஹற்றன் காடின் பட்டறையில் இயந்திரத் துப்பாக்கியை அமைத்தார். 1893இல் மற்றபெலே மக்களுக்கு எதிராகவும், 1898இல் சூடானின் ஒம்டுர்மானிலும் ஏகாதிபத்தியம் இக்கருவியால் என்ன செய்தது என்பதை ஆபிரிக்க வரலாறு அறிந்தோர் அறிவர். அவருக்கு 1901இல் ‘சேர்’ பட்டம் கிட்டியது. ஆனால் ஆண்டுக்கணக்காகத் தம் துப்பாக்கிகளின் அருகே நின்று சோதித்தமையால் அவர் செவிப்புலனைப் பெரிதும் இழந்தார். அவருடைய மகன் ஹைரம் பேர்சி மக்சிம், தந்தையைப் பிரிந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். அவரே குழல்வாயிற் பொருத்தும் ஓசையடக்கியை ஆக்கி 1909இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வெடிவாயுவைத் தடுப்புகளினூடே சுழலவிட்டு மெதுவாக வெளியேற்றுவது அதன் தத்துவம். ஒலியை மிஞ்சும் வேகத்திற் செல்லும் குண்டு தன்வழியே எழுப்பும் வெடிப்பொலியை அது அடக்குவதில்லை. தந்தையின் செவிட்டைக் கண்டே மகன் இதனை ஆக்கினார் என்று கூற நமக்கு ஆதாரமில்லை. அயலாருக்குத் தொல்லை தராது சுடுவதையே அவர் பெரிதும் வலியுறுத்தினார். அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுச் சட்டம் இதனை இயந்திரத் துப்பாக்கியோடு ஒருங்கே வைத்து 200 டொலர் வரி விதித்தது. கொல்லும் கருவியும் அதன் ஓசையைக் குறைக்கும் கருவியும் சட்டத்தின் முன் ஒன்றாயின. நோர்வே, பின்லாந்து போன்ற நாடுகளில் வேட்டைக்காரர் இதனைச் செவிக்காப்பாகவே பயன்படுத்துவதை ஒப்புநோக்கலாம்.

முதலாம் உலகப் போர் கோடிக்கணக்கான இளைஞரைப் பீரங்கிகளின் அருகே நிறுத்தியது. பேர்லினில் மக்ஸ் நெக்வர் 1907 அளவில் மெழுகும் பஞ்சும் சேர்த்துத் தொடங்கிய ‘ஓரோபக்ஸ்’ அடைப்பான் ஜேர்மன் படையினரிடையே பரவியது. பிரித்தானியப் படையில் மலொக்-ஆம்ஸ்ரோங் என்னும் செருகி வழங்கப்பட்டது. எனினும் பெரும்பாலோர் நம்பியது காதிலடைத்த பஞ்சையே. பஞ்சு வெடியோசையைத் தடுப்பது மிகச் சொற்பம். வாயைத் திறந்து வைத்தால் போதுமென்ற நம்பிக்கையும் இருந்தது. செவிப்பறைக்கு அதனாற் சிறிது பயன் இருக்கலாம், உட்செவிக்கு இல்லை.

படையினர் செருகியை வெறுத்தமைக்குத் தக்க காரணமும் உண்டு. காவல் நிற்பவனுக்குச் சருகின் சலசலப்பும் தோழனின் எச்சரிக்கையும் உயிரைக் காப்பவை. காதை அடைத்தால் இன்று இறக்கலாம். அடையாவிடில் நாற்பது வயதிற் செவிடாகலாம். இத்தேர்வை அவன்மீது சுமத்திவிட்டு, அவன் அசட்டையானவன் என்று குறைகூறுவது அதிகாரிகளுக்கு எளிதாயிருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பல அளவுகளில் வி-51ஆர் என்னும் றப்பர் செருகி வந்தபோதும் நிலைமை அதிகம் மாறவில்லை. அப்போரிற் செவிகெட்டோருக்கென அமெரிக்க இராணுவம் தனி மருத்துவ நிலையங்களை அமைத்தது. பென்சில்வேனியாவின் டெஷோன் மருத்துவமனையில் ரேமண்ட் கார்ஹார்ட் போன்றோர் செய்த பணியிலிருந்தே செவிப்புலவியல் என்ற துறை உருவாயிற்று. கேடுற்ற பின்னர் அளப்பதற்கு ஒரு விஞ்ஞானம் பிறந்தது. கேட்டைத் தடுக்கும் விரிவான திட்டமோ அமெரிக்க விமானப்படையில் 1956இலேயே வந்தது. அதற்கும் தூண்டுதல் பெரும்பாலும் ஜெற் எஞ்சினின் ஓசையேயன்றித் துப்பாக்கி அன்று.

பிரித்தானியாவில் 1947ஆம் ஆண்டின் முடிவழக்குச் சட்டத்துப் பத்தாம் பிரிவு, படைச் சேவையில் நேர்ந்த காயங்களுக்கு அரசின் கவனயீனத்தைக் காரணங்காட்டிப் படையினர் நட்டஈட்டு வழக்குத் தொடர்வதைத் தடுத்தது. கொதிகலன் தொழிலாளியின் வழிவந்தோர் 1970களில் நீதிமன்றத்தில் முதலாளிகளுக்கு எதிராக வெல்லத் தொடங்கியிருந்தனர்; படைவீரனுக்கு அக்கதவு 1987இலேயே திறந்தது. அதுவும் முற்காலத்துக் கேடுகளுக்குப் பொருந்தாது. வழக்கு இல்லாதவிடத்துச் செலவில்லை; செலவில்லாதவிடத்துச் செருகிக்கு அவசரமுமில்லை என்றே கொள்ளவேண்டியுள்ளது.

தொழினுட்பம் இதற்கிடையில் முன்னேறியிருந்தது. உருட்டிச் செருகியபின் காதுத் துவாரத்தில் விரிந்து நிறையும் நுரைச் செருகி 1970களில் வந்தது. காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து ஆழச் செருகாவிடில் அதனாற் பயன் குன்றும். சென் லூயியிலுள்ள பிரெஞ்சு-ஜேர்மன் ஆய்வு நிலையம் பேச்சை விட்டு வெடியை மட்டும் தடுக்கும் நுண்துளைச் செருகியை ஆராய்ந்து ஆக்கியது. காவல் நிற்பவனின் பழைய இக்கட்டுக்கு இது விடையாகத் தோன்றியது. இத்தத்துவத்திலமைந்த இருமுனைச் செருகியை, ஒருமுனை மஞ்சளும் மறுமுனை பச்சையுமாக, ஏரோ நிறுவனமும் பின்னர் அதனை வாங்கிய 3எம் நிறுவனமும் 2003 முதல் 2015 வரை அமெரிக்கப் படைக்கு விற்றன. ஈராக்கிற்கும் ஆப்கானிஸ்தானுக்கும் சென்றோர் இதனையே அணிந்தனர். செருகி நீளங் குறைந்ததென்றும், அணிபவர் உணராதபடி தளர்ந்துவிடக்கூடியதென்றும், எதிர்முனை மடிப்புகளை மடக்கினாலன்றிச் சரியாக இறங்காதென்றும் நிறுவனம் அறிந்தே படைக்குக் கூறாது விட்டதாக அரசு குற்றஞ்சாட்டியது. 2018இல் 91 இலட்சம் டொலர் கொடுத்து நிறுவனம் அதனை முடித்துக்கொண்டது. அதன்பின் படையினர் தொடுத்த வழக்குகள் இரண்டு இலட்சத்தைத் தாண்டின. 2022இல் ஏரோ நிறுவனம் வங்குரோத்துச் சட்டத்தின்கீழ் அடைக்கலம் கோரியது. அடுத்த ஆண்டு நீதிமன்றம் அதனைத் தள்ளியது. 2023 ஓகஸ்டில் 3எம் 601 கோடி டொலரை 2029 வரை தவணைகளாகக் கொடுக்க இணங்கியது. பொறுப்பை அது ஏற்கவில்லை.

அமெரிக்க முன்னாள் படையினருக்கு வழங்கப்படும் உடற்குறை நட்டஈடுகளுள் எண்ணிக்கையில் முதலிடம் பெறுவது காதிரைச்சல் ஆகும். இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைப் பெறுகின்றனர். அறை முழுதும் அடங்கிய பின்னரே அவ்விரைச்சல் அவர்களுக்கு மிகுதியாகக் கேட்கிறது.