கூரை இல்லாத மடாலயம், ஆள் இல்லாத ஊர்... அயர்லாந்து இடிபாடுகளைச் சுற்றிப் பார்க்க ஒரு கைடு!

அயர்லாந்து என்றதும் உங்கள் ஃபீடில் என்ன வரும்? பச்சைப் புல்வெளி, செம்மறி ஆடுகள், சாரல் மழை, பின்னணியில் பாதி இடிந்த ஒரு கோட்டை. போட்டோவுக்கு லைக்ஸ் அள்ளும்தான். ஆனா, அந்தச் சுவர் ஏன் இடிஞ்சது, அங்கே இருந்தவங்க எங்கே போனாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போனா, அதே இடம் வேற மாதிரி தெரியும். படிக்கவோ, வேலைக்கோ, ஊர் சுற்றவோ அயர்லாந்து போகும் பிளான் இருந்தால், இதை சேவ் பண்ணி வச்சுக்கோங்க.

ஏன் இத்தனை இடிபாடுகள்?

ஒரே காரணம் இல்லை. 1530-களில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி மடாலயங்களை மூட உத்தரவிட்டார். சொத்துகள் பறிபோயின, துறவிகள் வெளியேற்றப்பட்டார்கள், காலப்போக்கில் கூரைகளும் போயின. 1649-ல் வந்திறங்கிய ஆலிவர் குரோம்வெல்லின் படை பல கோட்டைகளைச் சிதைத்தது. 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் கிராமங்களைக் காலி செய்தது. 1919 முதல் 1923 வரை நடந்த விடுதலைப் போரிலும் உள்நாட்டுப் போரிலும் நிலச்சுவான்தார்களின் மாளிகைகள் பல எரிக்கப்பட்டன. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு சுவரும் இந்த வரிசையில் எங்கேயோ ஓரிடத்தில் நிற்கிறது.

நியூகிரேஞ்ச்: பிரமிடுக்கும் மூத்தது

டப்ளினுக்கு வடக்கே, மீத் கவுன்ட்டியில் இருக்கும் இந்தக் கல்லறை மேடு, கி.மு. 3200 வாக்கில் கட்டப்பட்டது. எகிப்தின் கீசா பிரமிடைவிட சில நூற்றாண்டுகள் பழையது. உள்ளே சுமார் 19 மீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகலான கல் பாதை. வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு திறப்பு. டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில நாள்களில் மட்டும், காலைச் சூரியன் அந்தத் திறப்பு வழியாக நுழைந்து, உள்ளறை வரை போய் விழும். சுமார் 17 நிமிடங்கள், அவ்வளவுதான். அதைப் பார்க்க ஆள்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள்.

குலுக்கலில் பெயர் வரலையா? கவலை வேண்டாம். மற்ற நாள்களில் வழிகாட்டிகள் விளக்கை அணைத்துவிட்டு, அந்த ஒளியை மின்விளக்கால் செய்து காட்டுவார்கள். நேராகக் கல்லறைக்குப் போய் நிற்க முடியாது. பார்வையாளர் மையத்திலிருந்து வழிகாட்டியோடுதான் போகணும். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள்.

கிளென்டலாக்: இரண்டு ஏரிகளின் பள்ளத்தாக்கு

டப்ளினிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்பலாம். 6-ம் நூற்றாண்டில் புனித கெவின் தொடங்கிய மடாலயம் இது. இங்கே சுமார் 30 மீட்டர் உயரத்தில் ஒரு வட்டக் கோபுரம் நிற்கிறது. கவனித்துப் பாருங்கள், அதன் வாசல் தரையில் இல்லை, சுமார் 3.5 மீட்டர் உயரத்தில் இருக்கும்! வைக்கிங் கொள்ளையர்கள் வந்தால் உள்ளே ஏறி ஏணியை இழுத்துக்கொள்ளத்தான் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். கீழே ஓட்டை போட்டால் கோபுரம் பலவீனமாகும் என்பது இன்னொரு விளக்கம். ஐரிஷ் மொழியில் இதற்குப் பெயர் 'மணி வீடு'.

சுற்றியிருப்பது விக்லோ மலைகள் தேசியப் பூங்கா. இரண்டு ஏரிகளுக்கும் நடுவே சமதளமான பாதை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் நடக்கலாம். கால்ல தெம்பு இருந்தா, ஸ்பிங்க் மலை முகட்டுப் பாதையில் மரக்கட்டைகள் மேலேயே ஏறிப் போகலாம். அதற்கு 3 முதல் 4 மணி நேரம் ஒதுக்குங்கள்.

கில்லார்னி: பூங்காவுக்குள் ஒரு மடாலயம்

கெர்ரி கவுன்ட்டியில் இருக்கும் கில்லார்னிதான் அயர்லாந்தின் முதல் தேசியப் பூங்கா. 1932-ல் மக்ரஸ் எஸ்டேட்டை அதன் உரிமையாளர்கள் நாட்டுக்கே தானமாகக் கொடுத்ததில் தொடங்கியது. உள்ளே 1448-ல் நிறுவப்பட்ட மக்ரஸ் மடாலயம். கூரை போய்விட்டது. ஆனால், நடுமுற்றத்தில் ஒரு பழைய யூ மரம், கல் வளைவுகளைத் தாண்டி வானத்தைப் பார்த்து நிற்கிறது. இங்கே செம்மான்களையும் பார்க்கலாம். இலையுதிர் காலம் அவற்றின் இனப்பெருக்கக் காலம், அப்போது ஆண் மான்கள் முரட்டுத்தனமாக இருக்கும். செல்ஃபிக்காகக் கிட்டே போகாதீங்க, ஜூம் பண்ணிக்கோங்க.

கிளென்வே, ஸ்லீவ்மோர்: அழகுக்குப் பின்னால்

டொனிகாலில் உள்ள கிளென்வே தேசியப் பூங்காவில் ஏரிக்கரையில் ஒரு கோட்டை இருக்கிறது. சினிமா செட் மாதிரி இருக்கும். அதைக் கட்டிய ஜான் ஜார்ஜ் அடேர், 1861 ஏப்ரலில் அந்த வட்டாரத்தில் குடியிருந்த 244 பேரை வீட்டைவிட்டு வெளியேற்றியவர். அதற்குப் பிறகுதான் 1870-களில் அந்தக் கோட்டை எழும்பியது. இப்போது அங்கே தெரியும் அந்த அமைதிக்கு ஒரு காரணம், அங்கே குடும்பங்கள் இல்லாமல் போனது.

மேயோ கவுன்ட்டியின் அக்கில் தீவில், ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் ஒரு கைவிடப்பட்ட கிராமம். 80 முதல் 100 கல் வீடுகளின் சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்துச் சரிவில் வரி வரியாகத் தெரியும் மேடுகள், ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு போட்ட பாத்திகள். 1845 முதல் 1852 வரை நீடித்த பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதே அளவுக்கு அல்லது அதற்கும் மேல் கப்பலேறிப் போனார்கள். அந்த வருஷங்களிலும் தானியம் ஏற்றுமதியானது. இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பாத்திகளைப் பாருங்கள்.

கிளம்பும் முன்...

* ஷெங்கன் விசா இங்கே செல்லாது. அயர்லாந்து அந்தக் கூட்டமைப்பில் இல்லை. எந்த விசா தேவை என்று முதலில் பாருங்கள்.
* குடையை விட்டுடுங்க, காற்று திருப்பிவிடும். தொப்பி வைத்த ரெயின் ஜாக்கெட், வழுக்காத ஷூ போதும்.
* ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டும். அதை வைத்து நேரம் குறியுங்கள்.
* மலைப்பகுதியில் சிக்னல் போகும். மேப்பை முன்பே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். அவசர எண் 112.
* நாலஞ்சு அரசு நினைவிடங்களைப் பார்ப்பதாக இருந்தால், ஒரு வருஷம் செல்லும் ஹெரிட்டேஜ் கார்டு லாபம்.
* புல்லில் நடந்துவிட்டு வந்தால், காலில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் அதன் மூலம்தான் பரவுகிறது.

இதெல்லாம் வேண்டாமே!

பல இடிபாடுகள் தனியார் வயலுக்குள் இருக்கின்றன. அயர்லாந்தில் எந்த நிலத்திலும் நடக்கலாம் என்ற பொது உரிமை கிடையாது. விவசாயியிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கேட் மூடியிருந்தால், உள்ளே போனதும் திரும்ப மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆடுகள் ரோட்டுக்கு வந்துவிடும். மடாலய வளாகங்களில் சமீப காலக் கல்லறைகளும் உண்டு. யாரோ ஒருவரின் பாட்டி அங்கே இருக்கலாம், கல்லறை மேல் ஏறி போஸ் கொடுக்க வேண்டாம். மெட்டல் டிடெக்டர் வைத்துப் பழம்பொருள் தேடுவதற்கு அனுமதி தேவை, இல்லாவிட்டால் சட்டப்படி குற்றம்.

கடைசியா ஒண்ணு. ஞாபகத்துக்குன்னு சுவரிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்துப் பையில் போடத் தோணலாம். போடாதீங்க. ஸ்லீவ்மோரில் வாழ்ந்தவர்கள் விட்டுப்போனதில் மிச்சம் இருப்பது அந்தக் கற்கள்தான். நீங்கள் படித்த கதையை மட்டும் எடுத்துட்டு வாங்க, அடுத்து போற ஃப்ரெண்டுக்குச் சொல்லுங்க.