மிசௌரிக் காடுகளும் விதைநெல்லும்

அமெரிக்காவின் காடுகள் என்றதும் அரசாங்கத்தின் தேசியப் பூங்காக்கள்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் மிசௌரி மாநிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு தனியாருடையது. பெரும்பாலும் ஓக், ஹிக்கரி மரங்கள். இந்தக் காடுகளை வெட்டிய கதையில் நம் விவசாயிக்கும் புரியக்கூடிய ஒரு பாடம் இருக்கிறது.

மாநிலத்தின் தென்பகுதியான ஓசார்க் மலைப்பகுதியில் 1880களில் மர நிறுவனங்கள் வந்து இறங்கின. அப்போது அவை தேடியது பைன் மரம். கிராண்டின் என்ற ஊரில் இருந்த மரம் அறுக்கும் மில், அந்நாளில் நாட்டின் மிகப் பெரியவற்றில் ஒன்று. பைன் தீர்ந்ததும் 1909-ல் அதை மூடிவிட்டார்கள். வெறிச்சோடிய மலைகளில், வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும் ஓக்கும் ஹிக்கரியும் பரவின.

பிறகு அவற்றுக்கும் கோடரி வந்தது. வெள்ளை ஓக்கிலிருந்து ரயில் பாதைக்கு ஸ்லீப்பர் கட்டைகள் செதுக்கி, ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோனார்கள். ஹிக்கரி கோடரிக்கும் சுத்தியலுக்கும் கைப்பிடி ஆனது. வெள்ளை ஓக்கின் வைரத்தில் நுண்துளைகள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் அதில் செய்த பீப்பாய் கசியாது. அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியை, உள்பக்கம் கருக்கிய புதிய ஓக் கலத்தில்தான் ஊறவைக்க வேண்டும். ஆகவே நல்ல வெள்ளை ஓக்குக்குக் கிராக்கி குறையவே இல்லை.

சிறு காட்டுக்காரர் தம் வாழ்நாளில் ஓரிரு முறைதான் மரம் விற்பார். பணமுடையில் விற்பவருக்குச் சந்தை விலை தெரியாது; வாங்குகிற வியாபாரிக்கு அத்துப்படி. நேராக வளர்ந்த பருத்த மரங்கள் போய்விடும். கோணலும் பொந்தும் நிற்கும். "இன்ன பருமனுக்கு மேல் உள்ளதை மட்டும் வெட்டுங்கள்" என்ற ஒப்பந்தம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே காலத்தில் தழைத்த காட்டில் ஒல்லி மரம் இளைய மரம் அல்ல. பெரும்பாலும் பெரிய மரத்தின் வயதேதான், போட்டியில் தோற்றது. விதைநெல்லை விற்றுவிட்டுப் பதரை விதைப்பது போன்ற காரியம் இது.

இதற்கு மாறாக நடந்தவர் செயின்ட் லூயிஸ் நகரத்துக்காரர் லியோ ட்ரே. 1951 முதல் ஓசார்க்கில் நிலம் வாங்கினார். 1954-ல் ஒரு மது நிறுவனத்திடமிருந்து மட்டும் சுமார் 90,000 ஏக்கர். அவரது 'பயனியர் ஃபாரஸ்ட்' மரம் வெட்டாத சரணாலயம் அல்ல. மரம் விற்றுத்தான் நடந்தது. ஆனால் எதை வெட்டுவது என்பதைக் காட்டு அதிகாரிகள் ஒவ்வொரு மரமாகப் பார்த்துக் குறித்தார்கள். நோயுற்றதும் கோணலும் முதலில் போயின. நல்ல மரங்களில் பல வளர நின்றன. 1952 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை குறிப்பிட்ட இடங்களில் மரங்களை அளந்து எழுதிவந்தார்கள். வெட்ட வெட்ட, ஏக்கருக்கு நிற்கும் மரத்தின் அளவு கூடியதை அந்தக் கணக்கே காட்டியது.

2004-ல் சுமார் 1,44,000 ஏக்கரை ட்ரே தம்பதி தாங்கள் நிறுவிய அறக்கட்டளைக்கே கொடுத்துவிட்டார்கள்.

எல்லோரும் ட்ரே ஆக முடியாது. அவரிடம் பணமும் பொறுமையும் இருந்தன. ஆனால் நாற்பது ஏக்கர்காரரும் விற்கும் முன் ஒரு வனவியலாளரை அழைத்து மரங்களைக் குறிக்கச் சொல்லலாம். எத்தனை மரம் வெட்டினோம் என்பதைவிட, எதை நிற்கவிட்டோம் என்பதுதான் பேரன் காலத்துக் காட்டைத் தீர்மானிக்கிறது.