கல்யாண வீட்டுக் குரல்

பிழைப்பை நாடி மட்டாஞ்சேரி வந்து குடியேறிய தமிழர்களாகிய நாம், மஹ்பூப் என்னும் பாடகரை மறத்தல் அரிது. 1926இல் கொச்சியில் பிறந்த அவர், 1951இல் ‘ஜீவித நௌகா’ என்னும் திரைப்படத்தில் பாடினார். எனினும் அவர் குரலை இவ்வூர் மிகுதியும் கேட்டது கல்யாண வீடுகளிலேயாம். 1981இல் அவர் மறைந்தார். கல்யாண வீட்டுப் பாட்டுகள் பெரும்பாலும் காற்றோடு கலந்தன. இசைத்தட்டில் பதிந்தவையே எஞ்சின.

எஞ்சியதைச் செவ்வனே கேட்பது நம் கடன். பழைய இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடமே பாடிற்று. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடோ, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்கிச் சேமித்தது. இன்று அவ்வெண்கள் கைபேசி வழியாகவும் வருகின்றன. எண்கள் பிழையின்றி வரினும் அறை இசையைக் கெடுத்துவிடக்கூடும்.

ஒலிபெருக்கிகள் இரண்டும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாய் அமைதல் நன்று. ஒலிபெருக்கியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஒலி பெருத்துக் குரலை மூடும். சற்றே முன்னிழுத்தால் குரல் தெளியும். வெற்றுச் சுவரின் எதிரொலியைத் தடித்த திரைச்சீலை தணிக்கும்.

இதற்குச் சோதனையும் எளிதே. மஹ்பூப் காலத்துத் திரைப்பாடல்கள் ஒற்றைத் தடத்தில் பதிந்தவை. ஆகவே, அவர் குரல் இரு பெட்டிகளுக்கும் நட்டநடுவே நிற்றல் வேண்டும். அங்ஙனம் நிற்குமாயின், மறைந்த பாடகர் நம் கூடத்துக்கு மீண்டும் வந்தமர்ந்தார் என்றே கொள்ளலாம்.