பிரமிட்டின் மேல் ஒரு கண்

அமெரிக்க ஒரு டொலர்த் தாளின் பின்புறத்திலே முற்றுப்பெறாத பிரமிட்டு ஒன்று காணப்படுகிறது. அதன் உச்சியிலே முக்கோணத்துள் ஒரு கண். அடியிலே 1776 என்னும் ஆண்டு உரோம எண்களில். இது 'இலுமினாட்டி' என்னும் இரகசியச் சங்கத்தின் முத்திரை என்றும், உலகின் போர்களையும் புரட்சிகளையும் அச்சங்கமே மறைவிலிருந்து நடத்துகிறது என்றும் ஒரு கதை நெடுங்காலமாக உலவி வருகிறது. படித்த இளைஞர் பலரும் இதனை நம்புகின்றனர். எள்ளி நகையாடுவதால் அந்நம்பிக்கை அகலாது. வேறெந்த வரலாற்றுக் கூற்றையும் சோதிப்பது போலவே இதனையும் சோதித்தல் வேண்டும்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொள்வோம். இலுமினாட்டி கற்பனையன்று. 1776 மே 1ஆம் நாள், பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரிலே, திருச்சபைச் சட்டப் பேராசிரியராயிருந்த ஆதம் வைஷாப்ட் அதனைத் தோற்றுவித்தார். மதகுருமாரின் பிடியிலிருந்து அறிவை விடுவிக்க அவர் விரும்பினார். 1784, 1785ஆம் ஆண்டுகளிற் பிறந்த அரச ஆணைகள் சங்கத்தைத் தடைசெய்தன. கைப்பற்றிய அதன் ஏடுகளைப் பவேரிய அரசே 1787இல் அச்சிட்டு வெளியிட்டது. அச்சங்கத்தின் சின்னமாக அறியப்படுவது மினேர்வாத் தேவதையின் ஆந்தை.

இனிக் கண்ணின் வரலாற்றைப் பார்ப்போம். திரித்துவத்தைக் குறிக்கும் முக்கோணத்துள் இறைவனின் கண்ணை வரையும் வழக்கம், இச்சங்கம் பிறக்குமுன்பே ஐரோப்பியக் கிறிஸ்தவ ஓவியத்தில் நிலைபெற்றிருந்தது. 1776இல் அமெரிக்க முத்திரைக்காக அமைந்த முதற் குழுவுக்கு அக்கண்ணை வரைந்தளித்தவர் து சிமித்தியேர் என்னும் ஓவியர். பிரமிட்டோ, 1778ஆம் ஆண்டின் ஐம்பது டொலர்த் தாளுக்காகப் பிரான்சிஸ் ஹொப்கின்சன் அமைத்தது. 1782இல் வில்லியம் பாட்டன் இரண்டையும் இணைத்தார். சாள்ஸ் தொம்சன் இறுதி வடிவம் கொடுத்தார். யூன் 20ஆம் நாள் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது. பிரமிட்டு உறுதியையும் நிலைபேற்றையும், கண் தெய்வத்தின் துணையையும் குறிக்குமென்று அன்றே எழுதிவைத்தனர். 1776 சுதந்திரப் பிரகடனத்தின் ஆண்டு. டொலர்த் தாளில் இம்முத்திரை ஏறியது 1935இலேதான். அப்போது ஜனாதிபதியாயிருந்த ரூஸ்வெல்ட் பிறீமேசன் சங்கத்தவர் என்பது உண்மையே. ஆயின், ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்திய சித்திரத்தின் பிறப்பை அது மாற்றிவிடாது.

ஆகவே, சின்னமும் மெய், சங்கமும் மெய், இரண்டையும் பிணைத்த முடிச்சே பொய்.

அவ்வாறாயின், தடைசெய்யப்பட்ட ஒரு சிறு சங்கம் சர்வவல்லமை படைத்ததாக எவ்வாறு மாறிற்று? 1797இல், இலண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த பிரெஞ்சுக் குருவானவர் பருவேல், பிரெஞ்சுப் புரட்சி இரகசியச் சங்கங்களின் சதியென்று பெருநூல் எழுதினார். எடின்பரோப் பேராசிரியர் ஜோன் றொபிசனும் அதே ஆண்டில் அவ்வாறே எழுதினார். திருச்சபையின் சொத்துகளைப் புரட்சி பறித்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இக்கதை எதை மறைத்தது? 1788இல் ஆலங்கட்டி மழையால் விளைச்சல் அழிந்தது. 1789இல் பாரிஸ் கூலியாளின் சம்பளத்திற் பெரும்பகுதியைப் பாணே விழுங்கிற்று. அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் பெண்கள் பாண் கேட்டு வெர்சேய்க்கு நடந்தனர். வரலாற்றாசிரியர் ஜோர்ஜ் ரூடே, பழைய பொலிஸ் ஏடுகளை ஆராய்ந்து, 1959இல் வெளியிட்ட நூலிலே அக்கூட்டத்தினரை அடையாளங் காட்டினார்: தச்சர், பூட்டுச் செய்வோர், செருப்புத் தைப்போர், சிறு கடைக்காரர். சதிக் கதையோ இம்மக்களைப் பிறர் ஆட்டிவைத்த பாவைகளாக்கியது. பசித்தவனுக்குச் சுயபுத்தி இல்லையென்பதே அதன் உட்பொருள்.

இத்தகைய கதைகள் விளையாட்டல்ல. 1903இல் ருஷ்யாவில் வெளிவந்த 'சீயோன் மூப்பர்' ஏடுகள் போலியென்று 1921இல் இலண்டன் 'டைம்ஸ்' நிரூபித்தது. எனினும் நாஜிகள் அதனைக் கைவிடவில்லை. யூதருக்கெதிரான கொலைவெறிக்கு அதுவும் எண்ணெய் வார்த்தது.

மாணவரிடம் இக்கண்ணைப் பற்றிப் பேச்செழும்போது ஆசிரியர் மூன்று வினாக்களை எழுப்பலாம்: வரைந்தவர் யார்? எந்த ஆண்டில்? அக்காலத்து ஏடுகள் கூறுவதென்ன? பின்னர் நான்காவது வினாவையும் சேர்த்துக்கொள்க: இக்கதையை நம்புவதால் நன்மை அடைபவர் யார்? டொலரின் ஆதிக்கம் மெய்யானது. ஆனால், அது முக்கோணத்துக் கண்ணில் ஒளிந்திருக்கவில்லை; கடன் ஒப்பந்தங்களிலும் வட்டிக் கணக்குகளிலும் எழுத்திலேயே கிடக்கிறது. நாம் படிக்க வேண்டியவை அவையே.