கிச்சடியின் சரித்திரம்

அரிசி, பருப்பு, உப்பு, தண்ணீர் ஆகிய நான்கையும் ஒரே பானையிலிட்டு வேகவைத்தால் ஒரு குடும்பத்தின் ஒரு வேளை உணவு ஆயிற்று. வட இந்தியாவில் இதற்குக் கிச்சடி என்று பெயர். தமிழ்நாட்டில் கிச்சடி என்றவுடன் ரவையில் செய்யும் சிற்றுண்டியே பலருக்கும் நினைவுக்கு வரும். நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது அதுவன்று. நம் வெண்பொங்கலுக்கு நெருங்கிய உறவினதாகிய அரிசிப் பருப்புக் கிச்சடியே ஆகும். குறைந்த செலவில், குறைந்த விறகில், குறைந்த நேரத்தில் குடும்பத்தின் பசியை ஆற்றும் உணவு எது என்னும் கேள்விக்கு இந்தியத் தாய்மார்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்ட விடை அது. அந்த விடை எவ்வளவு சரியானது என்பதையும், அது பயன்படாமற் போன காலங்கள் எவை என்பதையும் சரித்திரத்தின் துணைகொண்டு பார்ப்போம்.

தானியத்தையும் பயற்றையும் சேர்த்து உண்ணும் வழக்கம் நம் நாட்டில் மிகத் தொன்மையானது. கர்நாடகத்தின் பல்லாரிப் பகுதியில் உள்ள புதிய கற்காலக் குடியிருப்புகளை அகழ்ந்த ஆராய்ச்சியாளர்கள், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கருகிய விதைகளைக் கண்டெடுத்துள்ளனர். அவற்றில் சிறுதானியங்களுடன் கொள்ளும் பாசிப்பயறும் இருந்தன. அரசுகளும் நகரங்களும் அங்கே தோன்றுவதற்கு முன்பே, தானியமும் பயறும் ஒரே குடிசையில் சேர்ந்து வாழ்ந்தன என்பது இதனால் விளங்குகிறது.

எழுத்துச் சான்றுகளுக்கு வருவோம். 1333-ஆம் ஆண்டில் இந்தியாவை அடைந்த மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பதூதா, பாசிப்பயற்றை அரிசியோடு வேகவைத்து நெய் ஊற்றி உண்ணும் கிச்சடியைப் பற்றி எழுதியிருக்கிறார். இம்மக்களுக்கு அதுவே காலை உணவு என்பது அவர் தரும் செய்தி. அக்பர் காலத்தில் அபுல் பசல் இயற்றிய ‘அயினி அக்பரி’ என்னும் நூலில் அரண்மனைச் சமையலுக்குரிய அளவுகள் காணப்படுகின்றன. அங்கும் கிச்சடி இடம்பெற்றுள்ளது. அரிசி 5 சேர், பருப்பு 5 சேர், நெய் 5 சேர் என்பது அரண்மனைக் கணக்கு! அக்பரின் மைந்தர் ஜஹாங்கீர் குஜராத்துக்குச் சென்றபோது, அவ்வூர் மக்கள் கம்பும் பயறும் கலந்து செய்யும் கிச்சடியை உண்டு மகிழ்ந்து, புலால் தவிர்க்கும் நாட்களில் அதனைத் தமக்குப் படைக்குமாறு பணித்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்துள்ளார்.

அரண்மனைக்குள் இவ்வாறிருக்க, அரண்மனைக்கு வெளியே நிலை என்ன? ஜஹாங்கீர் காலத்தில் ஆக்ராவில் வாணிகம் செய்த டச்சுக்காரர் பெல்சார்ட் அதனை ஒளிவுமறைவின்றி உரைக்கிறார். உழைப்பாளிகளுக்கு மாலையில் கிடைப்பது சிறிது கிச்சடி மட்டுமே. பச்சைப்பயறும் அரிசியும் கலந்து சிறு நெருப்பில் வேகவைத்து, கொஞ்சம் வெண்ணெயோடு அதனை உண்பர். பகலில் வறுத்த பயற்றையோ தானியத்தையோ மென்று பசியாறுவர். நாள்தோறும் இதுவன்றி வேறு சுவை அவர்கள் அறியார். இது அவர் எழுதியதன் சாரம். அதே நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு வணிகர் தவர்னியேயும், போர்வீரர்களுக்கும் ஏழைகளுக்கும் இதுவே வழக்கமான மாலை உணவு என்றும், உண்ணும்போது விரல்நுனியை உருக்கிய வெண்ணெயில் தோய்த்துக்கொள்வர் என்றும் குறித்தார்.

இக்குறிப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. மன்னனும் கூலியாளும் உண்டது ஒரே பண்டம். ஒருவன் பானையில் ஐந்து சேர் நெய் ஊற்றினான். மற்றவன் விரல்நுனியளவு தொட்டுக்கொண்டான். கிச்சடிக்கு நெய், அப்பளம், தயிர், ஊறுகாய் என நான்கு தோழர்கள் உண்டு என்பது இந்தி பேசும் மக்களிடையே வழங்கும் பேச்சு. ஏழையின் வீட்டுக்கு இந்நால்வரும் ஒருசேர வருவது அரிது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வாயிலாக வந்து சேர்ந்த மிளகாய்தான் அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. மிளகு வாங்க இயலாதவரும் கொல்லையில் ஒரு மிளகாய்ச் செடியை வளர்க்க முடிந்தது. அதனால் சுவையற்ற எளிய உணவுக்கும் ஒரு காரம் கிட்டியது.

இனி, இந்த எளிய உணவைப் பற்றி விஞ்ஞானம் கூறியதைக் காண்போம். 1918-ஆம் ஆண்டில் நீலகிரியிலுள்ள குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ஒரே அறையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். முழுக்கோதுமை ரொட்டி, பருப்பு, பால், காய்கறி ஆகியவற்றைக் கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவைத் தின்றவை நலிந்தன. அவருக்குப் பின் அந்நிலையத்தின் தலைமையை ஏற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களை அட்டவணைப்படுத்தி, குறைந்த செலவில் நிறைவான உணவு அமைக்கும் முறையையும் சேர்த்து, 1937-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அந்த ஆராய்ச்சி நிலையம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது.

அரிசியும் பருப்பும் சேரும்போது நிகழ்வது என்ன? புரதம் என்பது அமினோ அமிலங்கள் பலவற்றின் கூட்டு. அவற்றுள் லைசின் என்பது தானியங்களில் குறைவு. பருப்பில் அது மிகுதி. மெத்தியோனின் என்பது பருப்பில் குறைவு. தானியம் அதனை ஈடுசெய்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால், இரண்டும் கலந்த உணவின் புரதம் தனித்தனியே உண்பதைக் காட்டிலும் உயர்ந்த தரத்தை எய்துகிறது. லைசினின் பெயரைக்கூடக் கேட்டிராத கிராமத்துப் பெண்கள் பானையில் செய்துவந்ததையே ஆராய்ச்சிக்கூடம் பின்னர் மெய்ப்பித்தது.

ஆனால் நல்ல முறையை அறிந்திருந்தால் மட்டும் பசி தீர்ந்துவிடுமா? 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சம் இதற்குக் கொடிய விடையைத் தந்தது. போர்க்காலப் பணவீக்கமும், பர்மா அரிசி வராமற் போனதும், அரசின் தவறுகளும் சேர்ந்து அரிசியின் விலையை ஏழைக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றின. முப்பது லட்சம் மக்கள் மாண்டனர் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. நிவாரணக் கஞ்சித்தொட்டிகளில் அரிசி போதாமல், வங்க மக்களுக்குப் பழக்கமில்லாத கம்பும் சோளமும் கலக்கப்பட்டன. நீர்த்துப்போன அக்கஞ்சி நலிந்த வயிறுகளுக்குச் செரிக்கவில்லை. உயிரைத் தாங்கவும் போதவில்லை. கிச்சடியைக் கண்ட நாட்டில், கிச்சடியை நன்கறிந்த மக்கள், அதனைச் சமைக்க ஒரு பிடி அரிசியும் பருப்பும் இன்றி இறந்தனர். அப்பஞ்சத்தை விசாரித்த ஆணையத்தில், முன்னர் நாம் குறிப்பிட்ட அய்க்ராய்டும் ஓர் உறுப்பினராக இருந்தார். சிக்கன உணவின் இலக்கணத்தை எழுதியவரே, அவ்வுணவும் எட்டாமற் போனவர்களின் கணக்கை எழுத நேர்ந்தது.

பங்கீட்டு முறை அவ்வாண்டிலேயே பம்பாயிலும், 1944-இல் கல்கத்தாவிலும் நடைமுறைக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பின்னரும் பற்றாக்குறை நீங்கவில்லை. 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரம் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். எண்ணற்ற குடும்பங்கள் திங்கட்கிழமை இரவில் அடுப்பை மூட்டாதிருந்தன. அதன் பின் வந்த பசுமைப் புரட்சியினால் கோதுமையும் நெல்லும் பெருகின; நாடு கப்பல் கோதுமையை எதிர்பார்க்கும் நிலையினின்று மீண்டது. இது பெருமைக்குரிய சாதனை என்பதில் ஐயமில்லை.

எனினும் அச்சாதனையின் நிழலில் ஒரு குறை வளர்ந்தது. நீர்ப்பாசனமும் உறுதியான கொள்முதல் விலையும் கோதுமைக்கும் நெல்லுக்கும் கிடைத்தன. பயறுவகைகளோ மழையை நம்பிய மேட்டுநிலங்களுக்குத் தள்ளப்பட்டன. அதன் பயனாக, 1951-இல் தலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 கிராமாக இருந்த பருப்பின் அளவு, 2001-இல் ஏறத்தாழ 30 கிராமாகக் குறைந்தது. அதற்குப் பிறகு விளைச்சலாலும் இறக்குமதியாலும் ஓரளவு உயர்ந்தது என்றாலும், 1951-ஆம் ஆண்டின் அளவை எட்டவில்லை. 2015-இன் பிற்பகுதியில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயை நெருங்கியதை இல்லத்தரசிகள் மறந்திருக்கமாட்டார்கள். அரிசி நிறைந்தது, பானையில் பருப்பு மெலிந்தது. பெல்சார்ட் கண்ட கூலியாளின் பானையில் வெண்ணெய் குறைவாயிருந்தது. நம் காலத்துப் பானையிலோ பருப்பே குறைந்துவிட்டது.

இக்குறையை நீக்கச் சில முயற்சிகள் நடைபெற்றே வந்துள்ளன. தமிழ்நாட்டில் 2007 முதல் நியாயவிலைக் கடைகளில் துவரம் பருப்பு சலுகை விலையில் வழங்கப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவே தரப்பட வேண்டும் என்று 2001-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்ட பின்னர், பல மாநிலங்களின் பள்ளிகளில் கிச்சடி மதிய உணவாயிற்று. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது மத்திய அரசு குடும்ப அட்டைகளுக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு வகையை இலவசமாக அளித்தது. அரிசியோடு பருப்பும் சேர்ந்தால்தான் அது உணவு என்பதை அரசுகளும் மெல்ல உணர்ந்தன எனலாம்.

இல்லங்களில் நாம் செய்யத்தக்கது யாது? மாதக் கடைசியில் கை இறுகும்போது முதலில் குறைக்கப்படுவது பருப்பே. சாம்பார் நீர்த்துப்போகும், அரிசி மட்டும் அதே அளவில் வேகும். இது சிக்கனமாகத் தோன்றும். உண்மையில் இழப்பே ஆகும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்பது ஊட்டச்சத்து அறிஞர் கூறும் விகிதம். 300 கிராம் அரிசியும் 100 கிராம் பருப்பும் சேர்த்துச் சமைத்தால், எடையில் கால்பங்கே உள்ள பருப்பு, மொத்தப் புரதத்தில் ஏறக்குறையப் பாதியைத் தருகிறது. துவரை விலை ஏறினால் கொள்ளையோ தட்டைப்பயற்றையோ பாசிப்பயற்றையோ நாடலாம். முழுப்பயற்றை இரவே ஊறவைத்தால் விறகாயினும் எரிவாயுவாயினும் மிச்சமாகும். ஒரு பிடி முருங்கைக்கீரையைச் சேர்த்து, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால், கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். ஊற்றுவதற்கு நெய் இல்லையெனில் ஒரு கரண்டி எண்ணெய் போதும்.

ஒரு நாட்டின் செழிப்பைக் களஞ்சியத்திலுள்ள மூட்டைகளைக் கொண்டு அளப்பது வழக்கம். ஏழையின் பானையில் பருப்பின் கனம் எவ்வளவு என்று பார்ப்பதும் அத்தகைய அளவுகோலே. குடும்பத்தலைவியின் கைத்திறன் பல நூற்றாண்டுகளாகத் தன் பங்கைச் செய்துவந்திருக்கிறது. அவள் கைக்குப் பருப்பு எட்டும் விலையில் கிடைக்கச் செய்வது நாட்டின் பங்கு. கிடைத்த பருப்பை முதலில் குறைக்காமல் காப்பது நம் பங்கு.